பர்மா யாத்திரைக்கு முன்

(இராயபுரத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் பர்மா தேசத்துக்கு யாத்திரை செல்வதெனத் தீர்மானித்து, அதன்பொருட்டு ஒரு குழுவும் நியமித்து, ஆண்டுகள் சில கழிந்தன. 2020-ஆம் ஆண்டிற் புறப்படுவதாக இருந்தோம்; கொரோனாப் பெருந்தொற்று வந்து விமானங்களை நிறுத்திற்று. 2021 பிப்ரவரி முதல் நாள் அந்நாட்டுப் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றினார்; அதனைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 2025 மார்ச்சு 28-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் மாண்டலேயையும் சகாயினையும் உலுக்கி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பயணம் தள்ளிப் போகுந்தோறும் முதன்முதற் பெயர் கொடுத்த முதியோருட் சிலர் திரும்பி வாரா யாத்திரையை மேற்கொண்டுவிட்டனர். எஞ்சியோர் எம்மைத் தெருவிற் காணும்போதெல்லாம், "நாள் குறித்தாயிற்றா, வாத்தியாரே?" என்றே வினவுகின்றனர்.

அமைதி திரும்பிய பின்னரே நாள் குறிப்பதெனக் குழுவினர் முடிவு செய்திருப்பது தக்கதே. மூத்தோரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துக்கொண்டு ஆபத்தின் நடுவே புகுதல் அறிவுடைமை ஆகாது. ஆயின் காத்திருக்குங் காலம் வீண்காலமாதல் வேண்டா. போமுன் நாம் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் பர்மாவைக் கண்டதில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லுந் தொழிலுடையோம். நூல்களிற் கண்டனவும், சடையங்குப்பத்துப் பர்மா நகரிலும் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் வாழும் முதியோர்பாற் கேட்டனவுமே எம் கைம்முதல்.

வடசென்னையில் வாழ்வார்க்குப் பர்மா முற்றும் அயல்நாடு அன்று. நம் துறைமுகத்துக்கும் இரங்கூனுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 கடல்மைல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியாரின் கப்பல்கள் மூன்று நான்கு நாட்களில் அதனைக் கடந்தன. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டெறிந்தபோது, துறைமுகத்தருகே பற்றியெரிந்தவை பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் தொட்டிகளே. நம் பாட்டிமார் விளக்கெரித்த மண்ணெண்ணெயிலும், உலையிலிட்ட அரிசியிலும், செல்வர் மனைக் கதவிலமைந்த தேக்கிலும் அந்நாட்டின் பங்கு இருந்தது. இன்றோ, சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்துப் பர்மா பஜார் உளது. மாலைப்பொழுதில் அங்கே தள்ளுவண்டிகளில் அத்தோவும், மீனும் வாழைத்தண்டும் இட்டுக் காய்ச்சும் மொய்ங்காவும் விற்கின்றனர். நம் இளைஞர்க்குப் பர்மா என்பது அவ்வத்தோவும், 1952-ல் வெளிவந்த 'பராசக்தி'த் திரைப்படத்தின் முற்பகுதியுமே. அவை இனியனவே, ஆயினும் போதா.

அந்நாட்டின் வனப்பை விரித்துரைத்தல் எளிது. ஐராவதி யாறு வடமலைகளினின்று இறங்கி 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பல கிளைகளாய்ப் பிரிந்து கடல் புகுகின்றது. அதன் கழிமுகம் நம் காவிரிப் படுகையைப் பன்மடங்கு பெருக்கினாற் போன்ற நெல்வயற் பரப்பு. இரங்கூனில் ஷ்வேடகோன் என்னும் பொன்வேய்ந்த தாதுகோபம் 100 மீட்டரளவு ஓங்கி நிற்கின்றது. பகான் சமவெளியில் 2,000-க்கு மேற்பட்ட பழங்கோயில்கள் எஞ்சியுள்ளன. 2019-ல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஷான் மலைநாட்டு இன்லே ஏரியில் வலைஞர் ஓடத்தின் முனையில் ஒரு காலூன்றி நின்று, மற்றைக் காலால் துடுப்பைத் தழுவி வலிப்பர். நம் கரையோரத்து மீனவ நண்பர்கள் இதனைக் காணின் மெச்சாது இரார். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்க்கும் புத்தாண்டு பிறக்கின்றது. அந்நாட்களில் ஒருவர்மேலொருவர் நீர் வார்த்து மகிழ்வர். "நம்ம ஊரில் சித்திரைக்கு வெயில் காயும், அங்கே ஊரே நனையும், ஐயா" என்று எண்ணூர்ப் பெரியவர் ஒருவர் கூறினார். அவர் 'நம்ம ஊர்' என்றது எண்ணூரையோ என ஐயுற்றுக் கேட்டோம். சற்றே சிந்தித்து, "இரண்டும் நம்ம ஊர்தான்" என்றார்.

நிற்க. அழகு காணச் செல்வார்க்கு ஒரு வழிகாட்டி நூல் போதும். நாமோ அந்நாட்டோடு கொடுக்கல் வாங்கல் உடையோம். அக்கணக்கின் இருபுறத்தையும் படித்தறியாது போதல், ஒரு வீட்டாரொடு பகைத்துப் பிரிந்த வரலாறு அறியாத பிள்ளை, அவ்வீட்டுத் திண்ணையிற் போய் அமர்வதை ஒக்கும்.

பழமையினின்று தொடங்குவோம். பட்டினப்பாலை கூறுங் காழகத்தைக் கடாரம் என்றார் நச்சினார்க்கினியர். அக்கடாரம் பர்மாவிலுள்ள பெகு என ஒருகாலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர். அதனைப் பற்றிக்கொண்டு, "பர்மா நம் சோழர் வென்ற நாடு" என இன்றும் மேடையில் முழங்குவார் உளர். கடாரம் மலேயாவின் கெடா என்பதே இப்போது அறிஞர் பலர்க்கும் ஒத்த முடிபு. நமக்கு உரியதல்லாப் பெருமையைச் சுமந்து போவானேன்? உரியது ஒன்று உண்டு. பகானில் 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துளது. மலைமண்டலத்து மகோதயர் பட்டணத்தினின்று சென்ற குலசேகர நம்பி என்னும் வணிகர், அங்கிருந்த திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியை அது கூறுகின்றது. அக்கோயிலின் பெயர் நானாதேசி விண்ணகர். பல தேயத்து வணிகர் குழுவின் பெயரால் வழங்கியது அக்கோயில். பெயரைச் சற்றே நினைவில் வையுங்கள். வாளொடு போனவர் பெயரன்று, விளக்கொடு போனவர் பெயரே அங்கே தமிழில் நிற்கின்றது.

வாளொடு போனவரும் பின்னர் உண்டாயினர்; அவர் போனது பிறர் ஏவலால். 1824-ல் ஆங்கிலேயர் பர்மாவின்மேல் முதற்போர் தொடுத்தபோது, இரங்கூனிற் போயிறங்கிய படையிற் பெரும்பகுதி சென்னை இராணுவத்தின் சிப்பாய்கள். 1852-லும் 1885-லும் மீண்டும் போர் நிகழ்ந்தது. 1885-ல் மாண்டலே வீழ, கடைசி மன்னராகிய தீபா சிறையாளராகக் கப்பலேற்றப்பட்டு, முதற்கண் கொண்டுவரப்பெற்றது நம் சென்னைக்கே. சில மாதம் இங்கிருந்து, பின் இரத்தினகிரிக்கு அனுப்பப்பெற்று, 1916-ல் அங்கேயே மாண்டார். டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா இரங்கூனிற் சிறையிருந்து 1862-ல் இறந்தார். தில்லி மன்னர் அங்கே, மாண்டலே மன்னர் இங்கே; ஆங்கிலேயர் கணக்கு மிக நேரியது! ஆயினும் பர்மியர் கண்ணில், துப்பாக்கியைப் பிடித்திருந்த கை நம் நாட்டார் கையே என்பதை மறத்தலாகாது.

அதன்பின் வயிற்றுக்காகப் போனோர் பெருகினர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. நம் மரபினர் சென்ற வகையை நம் குடும்பங்கள் அறியும்: அரிசி ஆலைக் கணக்கர், சில்லறை வணிகர், மேஸ்திரி. முன்னிருவகையாரைப் பற்றிச் சொல்லப் பெரிதில்லை. மேஸ்திரியைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவரும், கப்பற் கட்டணம் செலுத்துபவரும், ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை வாங்குபவரும், கூலியைப் பெற்றுத் தம் பங்கைக் கழித்து எஞ்சியதை அளிப்பவரும் அவரே. கடன் தீருமட்டும் கூலியாள் அவர் பிடியில். கப்பலின் மேற்றளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து சென்றவருட் பெரும்பாலார் நிலமற்ற ஏழைகள். நம் ஊர்ச் சேரிகளிலிருந்து சென்றோர் அவருட் பலர். மேஸ்திரி வீட்டுப் பெயரர் இன்று இவ்வவையில் உள்ளனர். அவர்பாற் கூலி பெற்றோரின் பெயரர் பர்மா நகரில் அடுத்த தெருவில் உள்ளனர்.

1930-ஆம் ஆண்டிற்கு வருவோம். பர்மாவில் நம்மவர் கதை திரும்பிய ஆண்டு அது. மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்துத் தெலுங்கர் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரைக் கூட்டிவந்து அமர்த்தினர். வழக்கு முடிந்ததும், வந்த பர்மியரை வேண்டாவென்று அனுப்பிவிட்டனர். கைகலப்பு மூண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுக வாயிலில் வேலைக்கு நின்றறிந்த இராயபுரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை: இரு சாராரையும் மோதவிட்டோர் எவரென்று நீவிரே அறிவீர்.

அதே ஆண்டில் உலகெங்கும் விலைவாசி வீழ, நெல்விலை பாதியளவிற் சரிந்தது. கீழ்ப்பர்மாவின் உழவர், நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தனர். காடு திருத்தி வயலாக்க அம்முதல் உதவியது மெய். பிற வட்டிக்காரரினும் நகரத்தார் வட்டி குறைவு என்று அக்காலத்து விசாரணைக் குழுவினரே எழுதிவைத்தனர். ஆயின் விலை சரிந்தபின் கடனை அடைக்க உழவரால் இயலவில்லை. ஈட்டு நிலம் கைமாறிற்று. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலம், 1937-ல் நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர் நிலத்துக்காகப் போனவரல்லர். பணமாகத் திரும்பப் பெறவே விரும்பினர். எனினும் நிலத்தை இழந்த உழவன் அதனை ஆராய்ந்துகொண்டிருப்பானா? தன் பாட்டன் திருத்திய வயலில் தானே வாரக்குடியாய் நிற்பதையே அவன் கண்டான். அவ்வாண்டு டிசம்பரில் சாயா சான் என்பார் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. 1931-ல் அவரை ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர். நகரத்தாரைக் குறைகூற இதனைச் சொல்கின்றோம் அல்லேம். பிற மரபினர்மேற் பழியை வைத்துவிட்டு நாம் கைகழுவுதல் எளிதாதலின், மேஸ்திரி வரலாற்றை முதற்கண் சொன்னோம்.

1941 டிசம்பர் 23-ல் சப்பானியர் இரங்கூன்மீது குண்டு பொழிந்தனர். 1942 மார்ச்சில் நகரம் அவர் கைப்பட்டது. பணமும் செல்வாக்கும் உடையார் கப்பலில் இடம் பெற்றனர், ஏனையோர் நடந்தனர். அரக்கான் மலை கடந்து அக்கியாப் நோக்கியும், தாமுவழியே மணிப்பூர்க்கும், வடகோடியில் ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் சென்றோர் நான்கு ஐந்து இலட்சத்தவர். காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பல்லாயிரவர். இரங்கூனில் 'ஜோதி' என்னும் திங்களிதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவர்கள் மனைவியாருடன் நடந்துவந்து, அதனை நூலாகவும் எழுதிவைத்தார். யாத்திரைக்குப் பெயர் கொடுத்தோர் வேறு எதனைப் படியாவிடினும் அந்நூலைப் படித்தல் வேண்டும்.

போர் முடிந்தபின் பலர் மீண்டுஞ் சென்றனர். 1948 சனவரி 4-ல் பர்மா விடுதலை பெற்றது, நிலங்கள் நாட்டுடைமையாயின. 1962-ல் நே வின் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கொண்டார். 1964 மார்ச்சில் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாத் நாணயத்தாள்கள் செல்லாவென அறிவித்தது. அதன்பின் சில ஆண்டுகளில் இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அந்நாட்டைவிட்டு நீங்கினர். அவருள் ஒன்றரை இலட்சத்தை அடுத்த தொகையினர் தமிழகம் சேர்ந்தனர். அவர்தம் பொருட்டு 1969-ல் எழுந்ததே ரெப்கோ வங்கி.

தொகைகள் இருக்க. திருவொற்றியூரில் வாழும் ஒரு தாயார்க்கு அப்போது வயது பதின்மூன்று. தந்தையார் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒருநாட் காலை கடையின் பெயர்ப்பலகையை இறக்கி எண்பலகை ஒன்றை மாட்டினர். தந்தையார் மறுநாளும் வழக்கம்போற் குளித்து, நீறணிந்து, கடை திறக்கும் நேரத்துக்குப் போய், எதிர்ப்புறத்தில் நின்றுவிட்டுத் திரும்பினாராம். இங்ஙனம் ஒன்பது நாள். கப்பலேறுமிடத்தில் சோதித்தவர், தாயின் காதோலையைக் கழற்றி வாங்கிக்கொண்டனர். அண்டை வீட்டுப் பர்மியப் பெண்மணி ஒருத்தி, வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பொதியுடன் துறைமுகம்வரை நடந்துவந்து, வேலிக்கு அப்பாலிருந்து நீட்டினாள். "ஓலையைப் பறித்தவன் முகம் மறந்துவிட்டது; சோறு கொடுத்தவள் முகம் மறக்கவில்லை. அவள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்" என்கின்றார் அத்தாயார். எழுபதைக் கடந்த அவர் பெயர் யாத்திரைப் பட்டியலில் முன்வரிசையில் உளது.

திரும்பிவந்தோருட் சிலர் இங்கு வாழ மனமின்றித் தரைவழியே பர்மாவுக்கு மீள முயன்று, எல்லை கடக்கவியலாது மணிப்பூரின் மோரே ஊரிற் குடியமர்ந்தனர். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் கண்டனர். 2023 மே மாதத்துக் கலவரத்தில் அவர்தம் வீடுகளுஞ் சில எரிந்தன. பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழரும் பலர். மோல்மேன் சுற்றுப்புறத்தும் பெகு வட்டத்தும் உழவராய் உளர். பேச்சிற் பர்மியம் மிகுந்தாலும் தீமிதியும் காவடியும் விட்டிலர். 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்னரே அம்மண்ணில் வேரூன்றியிருந்த இனத்தாரையே பிறப்புரிமைக் குடிகளாக ஏற்கின்றது. சென்னைச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் இரங்கூன் சேர்ந்தது 1824-ல் எனச் சொன்னோம். அதற்கு முந்திய ஆண்டே எல்லைக்கோடு! நான்கு தலைமுறையாய் ஏருழும் தமிழ்க்குடியானவன், தான் காணாத ஒரு போருக்கு இன்றும் வரி செலுத்துகின்றான். இது கொடிது என்பதே எம் கருத்து. எனினும் அவ்வெல்லைக்கோடு எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்து பேசுதல் வேறு. அறியாது பொங்குதல் வேறு.

இனி, நடக்கவேண்டுவன. அன்பர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து நிலப்பத்திரங்களைப் பெட்டியினின்று எடுத்துவந்து, "இவற்றை உடன்கொண்டு போய்க் கேட்டுப் பார்க்கலாமா?" என்று எம்மை வினவினார். வேண்டா என்றோம். அந்நிலம் 1948-க்குப் பின் சட்டத்தாற் போயிற்று. இன்று அதனை உழுபவன் யாரையும் வஞ்சித்தவன் அல்லன். பத்திரத்தின் படி ஒன்றை நம் சங்க நூலகத்திற்கு அளித்துவிட்டு, மூலத்தை வீட்டிலேயே பூட்டி வைக்கலாம். மற்றொன்று: பர்மியர் கோயில்களிற் செருப்பு மட்டுமன்று, காலுறையும் களைந்தே புகுதல் வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பாதரட்சையோடு புகுந்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியே அந்நாட்டு விடுதலை இயக்கத்தின் முதற்படிகளுள் ஒன்று. வெயிலிற் கல் சுடும், பொறுத்தல் வேண்டும்.

இறுதியாக, யார் போவது என்பது. பயணக் கட்டணத்தை அவரவரே செலுத்துவது என்பது குழுவின் தற்போதைய ஏற்பாடு. அவ்வாறாயின், 1942-ல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழும்: பொருளுடையார் ஏறுவர்; அங்கே பிறந்து வளர்ந்த முதியோர் கரையில் நிற்பர். ஆதலின் 1964-க்குமுன் அம்மண்ணிற் பிறந்தார்க்குரிய செலவைச் சங்க நிதியிலிருந்து ஏற்குமாறு ஒரு தீர்மானம் கொண்டுவருகின்றோம். அதனொடு மற்றொன்றையும் இணைத்துளோம். பர்மா நகரில் நம் மரபினர் அல்லாத முதியோரும் உளர். நம் மேஸ்திரிமாரின் கீழ்க் கூலி செய்தோரின் மக்கள் அவர். அவர்க்கும் பத்து இடம் ஒதுக்குதல் வேண்டும். "இது நம் சாதிச் சங்கம், பிறர்க்கு ஏன்?" என்று பெரியோர் சிலர் கேட்பர் என்பதை அறிவோம், முன்னரே கேட்டும் விட்டனர். பகானில் விளக்கேற்றியவரின் கோயிலுக்கு நானாதேசி எனப் பெயர் இருந்தது என்பதும், கப்பலின் மேற்றளத்தில் அவர்தம் பாட்டனார் கிடந்த கட்டணத்தை ஏற்கெனவே வட்டியுடன் அவரிடமிருந்து பெற்றுவிட்டோம் என்பதுமே எம் விடை. தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகின்றது; மறுப்புடையோர் அங்கே வந்து உரைக்க.

அதுவரை பர்மிய மொழியிற் சில சொற்களையேனும் கற்போம். 'மிங்கலாபா' என்பது வணக்கம். 'ஜேஸூ தின்பாதே' என்பது நன்றி. வீட்டுக்கு வந்தாரை, 'தமீன் சா பீபீலா' என்று கேட்பராம். சோறு உண்டீர்களா என்பது பொருள். இப்பாடத்தை வருகின்ற ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்து மேல்மாடியில் தொடங்குகின்றோம். கற்பிப்போர் பர்மா நகரைச் சேர்ந்த தாய்மார் இருவர்; இருவரும் முதியர், படியேறி வருகின்றனர். ஆதலின் கற்போர் ஏடும் எழுதுகோலும் கொண்டு, நேரத்துக்கு முன்னரே வந்து அமர்ந்திருத்தல் வேண்டும்.